ஸ்லைடில் இருந்த தங்கை

அப்பா விவசாயத் துறையில் வேலை பார்த்தார். எழுமலைப் பக்கத்து ஊர்களில், இருட்டியதும் வேட்டியைத் திரையாகக் கட்டி, பருத்தியைத் தின்னும் புழுக்களை ஸ்லைடு போட்டுக் காட்டுவார். ஸ்லைடு என்றால் சின்ன அட்டைச் சட்டத்துக்குள் ஒரு துண்டு ஃபிலிம். சுருள் முடியும்போது ஒன்றிரண்டு படம் மிஞ்சும். அதில் எங்களை எடுப்பார். அதனால் எங்கள் குடும்பப் படங்கள் எல்லாம் புழுக்களுக்கு நடுவில்தான் கிடந்தன.

என் தங்கையை அப்படி ஒரே ஒரு தடவை எடுத்தார். பச்சைப் பாவாடை, காலில் கொலுசு. அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயது. ஸ்லைடைச் சுவரில் மாட்ட முடியாது. பிரிண்ட் போட மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். ‘அனுப்புவோம், அனுப்புவோம்’ என்றே அப்பா காலம் கடத்தினார். அதைப் பெரிதாகப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் போனதும் அவர் படம் மாலையோடு சுவரில் ஏறியது. பக்கத்தில் இன்னோர் ஆணியையும் அம்மா அடித்து வைத்தாள்.

டிஜிட்டல் கேமரா வந்த புதிது. கப்பலூரில் என்னோடு வேலை பார்த்தவரிடம் ஒன்றை இரவல் வாங்கினேன். செருப்பு டப்பாவில் ஜன்னல் வெட்டி, ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, பின்னால் மேஜை விளக்கு வைத்தேன். முன்னால் புத்தக அடுக்கின் மேல் கேமரா. முதலில் ஒரு புழுவை எடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அதன் முடிகூடத் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“புழு கெடக்கட்டும்டா. பாப்பாவ எடு. இந்தா எடுத்துட்டு வாரேன்” என்று அம்மா பீரோவுக்குப் போனாள்.

அந்த ஸ்லைடை அவள் தனியாக வைத்திருந்தது எனக்குத் தெரியும். தங்கை போன நாளில், வருஷம் தவறாமல் அதன் அட்டை விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்துவந்தது தெரியாது. இறந்தவர் படத்துக்குப் பொட்டு வைப்பார்கள். அவளிடம் இருந்த படம் அதுதானே. அத்தனை வருஷச் சந்தனமும் ஈரத்தோடு உள்ளே இறங்கி, முகத்தில் பூசணம் பிடித்திருந்தது. கறைக்குப் பின்னால் கண்ணும் சிரிப்பும் மங்கலாகத் தெரிந்தன.

அப்படியே ஒரு படம் எடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. எனக்குத்தான் எதுவும் பளிச்சென்று இருக்க வேண்டுமே! பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, மெதுவாகத்தான் துடைத்தேன். சந்தனம் வந்தது. குங்குமம் வந்தது. பிறகு பஞ்சில் மாநிறமாக ஏதோ வந்தது. விளக்குக்கு நேரே பிடித்தேன். பூசணம் ஊறிய இடத்தில் படமே பஞ்சோடு வந்துவிட்டிருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை.



அம்மா ஸ்லைடை வாங்கி, எப்போதும்போல டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கொலுசு தெரியுதுல்ல” என்றாள். “அம்புட்டு போதும். இத எடுத்துக் குடு.”

எடுத்தேன். காளவாசலில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, அந்த ஆணியில் தொங்கவிட்டோம். பச்சைப் பாவாடை, இரண்டு கை, கொலுசுக் கால். மேலே வெறும் வெள்ளை.

அடுத்த வருஷம் அந்த நாளில் அம்மா நாற்காலியில் ஏறி நின்றாள். விரலில் சந்தனத்தைத் தொட்டு, அந்த வெள்ளையில் ஓர் இடத்தில் வைத்தாள். அதன் மேல் குங்குமம். நெற்றி எங்கே இருந்தது என்று அவள் தேடவே இல்லை.