சோத்துக்கைப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நான் வாயைத் திறந்து பேச வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு போய்விடுவேன் என்றாள் கேமில் என்னோடு ஆடும் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று போய்விட்டாள். நான் மடிக்கணினியை மூடினேன். ஊன்றுகோலைப் பிடித்து, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். காய்ச்ச வைத்த பாலைப் பொங்கும் முன்பே இறக்கினேன், மறுபடி ஏற்றினேன், மறுபடி இறக்கினேன்.

அவளை நான் பார்த்ததில்லை. விழிஞ்ஞத்து மலையாளிப் பெண், துறைமுகத்தில் ஷிப்டு வேலை, வயது என் மகளைவிடச் சற்றுக் கூட இருக்கலாம். இதெல்லாம் அவள் பேச்சிலிருந்து நானாக எடுத்துக்கொண்டவை. எங்கள் பழக்கம் ஒரு வீடியோ கேமில்.

இந்த வயதில் கேமா என்று எனக்கே தோன்றும். சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையின் படியில் ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் எலும்பில் கீறல். நடக்காதே, உட்கார் என்றார் டாக்டர். கணவர் பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். விடியும் முன் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஞாயிறு, திங்கள் என்ற வித்தியாசம் அவருக்குக் கிடையாது. கொச்சியில் வேலை பார்க்கும் மகள் என்னைப் பார்க்க வந்தபோது தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தாள்.

"எம்மா, சும்மா இருந்தா நீங்க எந்திரிச்சு அலமாரியத் தொடைப்பீங்க. இத விளையாடுங்க. கொள்ளாம், நல்லா இருக்கும்" என்று கேமைப் போட்டுக் கொடுத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கேமில் வருவது ஒரு பனிக்காடு. அங்கே ஒரு சின்னக் கூட்டம், தோல் கூடாரங்களில் இருக்கிறது. பசி, குளிர், காய்ச்சல், ஓநாய். அந்தக் கூட்டத்தை ஒரு குளிர்காலம் முழுக்க உயிரோடு வைத்திருக்க வேண்டும். நாம் எடுத்துக்கொள்ளும் ஆள் அந்தக் கூட்டத்தின் சாமியாடி மாதிரி. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் ஆடுகிறவர்களைப் போல இவர்களுக்கும் மேளம் கேட்டால்தான் அருள் வரும். வந்ததும் உடம்பு கூடாரத்தில் கிடக்கும், உயிர் மட்டும் எழுந்து போகும். மான் கூட்டம் எங்கே ஒதுங்கியிருக்கிறது, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் உயிர் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆவிகளிடம் கேட்டுக்கொண்டு வரும். மேளம் நின்றால் அதற்குத் திரும்பி வர வழி தெரியாது. தீ அணைந்தால் திரும்பி வந்தாலும் உடம்பு விறைத்துப் போயிருக்கும்.

அதனால் இதை இரண்டு பேராக ஆடலாம். ஒருவர் போகலாம், ஒருவர் இருந்து அடிக்கலாம். நான் அடிக்கிற ஆளாகவே இருந்தேன். ஊர்க் கொடையிலும் நான் கடைசி வரிசையில், யாராவது ஒரு பெரிய முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள். சாமியாடி கூட்டத்தில் கை நீட்டி "நீ வா இங்க" என்று கூப்பிடுவார் இல்லையா, அந்தக் கை என் பக்கம் வந்துவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வேன்.

கேம் எனக்கு ஜோடியாகச் சேர்த்துவிட்ட ஆள்தான் இந்தப் பெண். வந்த நிமிஷத்திலிருந்து மலையாளத்தில் பேசினாள். எனக்கு எல்லாம் புரியும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பிள்ளையைப் பெற்று வளர்த்தாயிற்று, புரியாமல் இருக்குமா? பேசத்தான் வராது. வராது என்றால், பேச மாட்டேன்.

கடையில் சேர்ந்த புதிதில் ஓர் ஆள் புடவை பார்க்க வந்தார். மனைவிக்குத்தானே என்று கேட்க நினைத்து, "சம்சாரத்தினாணோ?" என்று கேட்டேன். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. புடவை பேசுவதற்கா என்று நான் கேட்டதாக ஆகிவிட்டது. அவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அல்ல, உடுக்கானா" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. பிறகு வெகு நாளைக்குக் கடைப் பெண்கள் என்னை அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சிரிப்புக்கு நடுவில் யாரோ ஒருத்தி, "பாண்டியல்லே" என்றாள். தமிழர்களை இங்கே சிலர் அப்படிச் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது திட்டு என்று தெரியாது. கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு புடவையை விரிப்பேன், மடிப்பேன், விலைச் சீட்டைத் திருப்பிக் காட்டுவேன், தலையாட்டுவேன். பிழைப்புக்கு அது போதுமாக இருந்தது.

கேமிலும் மைக் படத்தின் மேல் சிவப்புக் கோட்டைப் போட்டு வைத்தேன். அவள் ஏதாவது கேட்டால் மேளத்தில் பதில். ஒரு அடி என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. முதல் நாளே அவள் பொறுமை போய், "ஒந்நு பற, ஒந்நு பற" என்று கத்தினாள். ஏதாவது சொல்லித் தொலை என்று அர்த்தம். நான் மேளத்தை எடுத்து அடி அடி என்று அடித்தேன். அவள், "பறயான் பறஞ்ஞப்போ பற கொட்டுந்நோ!" சொல்லச் சொன்னால் பறை கொட்டுவதா என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்களுக்கும் பறை என்றால் கொட்டுகிற பறைதான், சொல் என்றாலும் அதே சத்தம்தான். வேண்டுமென்றே அடித்தேனா, கை பதறி அடித்தேனா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஒருத்தியைச் சிரிக்க வைத்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் செய்ததற்குச் சிரித்தாள்.

"சேட்டனா, சேச்சியா?" என்று ஒரு நாள் கேட்டாள். அண்ணனா, அக்காவா? இதற்கு மேளத்தில் எப்படிப் பதில் சொல்வது? ஒரு அடி அடித்தேன். முதலில் சொன்னதுதான் என்று எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து என்னைச் சேட்டா என்றே கூப்பிட்டாள். இரண்டு அடி அடித்துப் பார்த்தேன். "எந்தா சேட்டா, வேண்டே?" என்றாள், என்ன அண்ணா, வேண்டாமா என்று. விட்டுவிட்டேன்.

தினம் மத்தியானம் அவள் வருவாள். வந்ததும் "சேட்டா, உண்டோ அவிடெ?" என்பாள். அந்த வீட்டில் அந்த நேரத்தில் நான் இருக்கிறேனா என்று கேட்க வேறு யாரும் இல்லை. பால்காரர்கூட வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது நாங்கள் உறைந்த ஏரிக்கு வந்திருந்தோம். அதைத் தாண்டினால் குளிர்காலம் முடியும். அங்கே பனிக்காற்றில் மேளச் சத்தம் எட்டாது. போகிறவளுக்குக் கண் தெரியாது. இருக்கிற ஆளுக்குத் தீயின் தணலில் ஏரி முழுக்கத் தெரியும், எங்கே விரிசல், எங்கே கெட்டி என்று. வாயால் வழி சொன்னால்தான் தாண்ட முடியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் கெடு.

மகளிடம் போனில் சொன்னேன்.

"பேசுங்கம்மா. ஒண்ணு மிண்டினா என்ன? அவ கடிக்கவா போறா?"

"எனக்கு வராது."

"வராதுன்னு சொல்லுததுக்கே எவ்வளவு நேரம் பேசுதீங்க. பின்னே, ஆ குட்டி, அந்தப் பிள்ள பாவம்மா. எத்தன நாளா செவுத்துகிட்டப் பேசுது. விட்டுட்டுப் போவும், கேட்டோ."

விட்டுட்டுப் போவும் என்றதும் பேச்சை முடித்துக்கொண்டேன். போனை வைத்துவிட்டு மறுபடி நடந்தேன். அன்றிலிருந்து ஒரு வேலையும் முழுதாக நடக்கவில்லை. வெங்காயத்தைப் பாதி அரிந்துவிட்டு வாசலைப் பார்க்கப் போவேன். வாசலில் ஒன்றும் இல்லை என்று திரும்பி வருவேன். உட்கார்ந்தால் கட்டுக்குள் கால் அரித்தது. நின்றால் வலித்தது. வேண்டிய வார்த்தைகள் கொஞ்சம்தானே என்று அவற்றை மட்டும் மலையாளம் மாதிரியே சொல்லிப் பழகினேன். வலத்தோட்டு. எடத்தோட்டு. நேரெ. நில்லு. அடுப்படியில் சொன்னேன், துணி காயப் போடும்போது சொன்னேன், கழிப்பறைக்குப் போகும்போதும் சொன்னேன்.

கணவர் ஒரு நாள் சீக்கிரமாக வந்து கதவருகில் நின்று கேட்டிருக்கிறார்.

"என்னட்டி, பஸ்ஸுல கிளி வேலைக்குப் போகப் போறியா?" என்றார். இந்த ஊர் தனியார் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு வழி சொல்கிற ஆளுக்குக் கிளி என்று பெயர்.

"ஒண்ணுமில்ல."

"ஒத்தக் கால வச்சுக்கிட்டு எப்படித் தொங்குவ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. காபியில் சர்க்கரை போட மறந்தேன். அவர் அப்படியே குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சோறு வடித்து மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"சேட்டா, உண்டோ? இந்நு பறயுமோ?" இன்றைக்குப் பேசுவீர்களா என்றாள். ஒரு அடி அடித்தேன். "ஹாவூ" என்று பெருமூச்சு விட்டாள். அவள் ஆள் கூடாரத்தில் சாய்ந்தது, உயிர் எழுந்து ஏரிக்கு நடந்தது. மேளச் சத்தம் காற்றில் கரைந்து ஒன்றுமில்லாமல் போனது. தணலில் ஏரி தெரிந்தது.

மைக்கின் மேல் சிவப்புக் கோட்டை எடுத்தேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவள் இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடி நேராக விரிசலுக்கு.

"ஏ, போவாத, போவாத! அங்க உடைஞ்சிருக்கு! சோத்துக்கைப் பக்கம் திரும்பு, சோத்துக்கைப் பக்கம்!"

பழகியது ஒன்றும் வரவில்லை. வந்தது எங்கள் ஊர்ப் பேச்சு, அதுவும் தெருவில் ஓடும் பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில்.

அவள் நின்றுவிட்டாள். "எந்து? எந்து கை?"

"சோறு! சோறு உண்ணுந்ந கை!"

சோறு இரண்டு மொழிக்கும் சோறுதான். அவளுக்குப் புரிந்தது. சட்டென்று திரும்பினாள், இடது பக்கம். பனி பிளந்தது. ஆள் உள்ளே போனாள். திரை கறுத்தது.

"எந்தா நீ இடது பக்கம் திரும்புன?" என்று இரண்டு மொழியையும் குழப்பிக் கத்தினேன்.

"ஞான் எடங்கையா!" என்று அவளும் கத்தினாள். இடது கையால் சாப்பிடுகிறவளாம்.

இவ்வளவு நாள் சேர்த்த தோல், காய வைத்த மீன், காய்ச்சலிலிருந்து மீட்ட குழந்தை, எல்லாம் போயிற்று. ஒரு வார்த்தை பேசச் சொன்னாள், பேசினேன், அவளையே ஏரிக்குள் தள்ளிவிட்டேன். இனி அவள் இருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். "அய்யோ, சேட்டனல்ல, சேச்சியா!" என்றாள். அதே மூச்சில், அதே சந்தோஷத்தில், "சேச்சி பாண்டியாணோ?" என்றாள்.

கடையில் என்றால் தலையாட்டியிருப்பேன். இப்போது மைக் திறந்திருந்தது, வாயும் திறந்திருந்தது.

"ஆமா, தமிழ்தான். தென்காசிப் பக்கம். ஆனா அந்த வார்த்த சொல்லாத. எனக்குப் பிடிக்காது."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. மீன் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். ஊன்றுகோல் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது.

"ஸாரி" என்றாள். "எங்ஙட வீட்டில எல்லாரும் அங்ஙனெயா பறயுந்நெ. ஞான் ஆலோசிச்சில்ல." வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம், யோசித்ததில்லையாம். அப்புறம், "பின்னெ ஞான் எந்தா விளிக்கேண்டது?" என்று கேட்டாள்.

என்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

"அக்கான்னு கூப்பிடு."

"அக்கா." சொல்லிப் பார்த்தாள். "அக்கா, இனி சோத்துக்கை ஒந்நும் வேண்டா. வலத்துந்நு பறஞ்ஞா மதி." வலது என்று சொன்னால் போதுமாம்.

"நீ எந்தக் கையில திங்குதன்னு முதல்லயே சொல்லிருக்கணும்லா?"

இதைச் சொன்னது நான்தான். சொல்லிவிட்டு நானே கதவுப் பக்கம் பார்த்தேன், யாராவது கேட்டுவிட்டார்களா என்று.

திரையில் கேள்வி வந்திருந்தது, குளிர்காலத்தை முதலிலிருந்து தொடங்கலாமா என்று. இருவரும் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். என் பெயருக்கு நேராக டிக் போட்டேன். அவள் பெயருக்கு நேராகக் காலியாக இருந்தது. அவள் அம்மா ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள், அவள் ஏதோ பதில் சொன்னாள். காலியாகவே இருந்தது. நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன்.

"என்னட்டி யோசிக்க?" என்றேன்.

"ஒரு மீன் கஷணம் வாயில இட்டதா அக்கா, ஒந்நு நில்லு" என்றாள், மீன் துண்டை வாய் நிறைய வைத்துக்கொண்டு. டிக் விழுந்தது. பனி பெய்ய ஆரம்பித்தது. இரண்டு பேர் கையிலும் ஒன்றுமில்லை. ஆளுக்கொரு பக்கம் விறகு பொறுக்கக் கிளம்பினோம். எங்கே எது கிடக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.