என் வருடத்தைப் போட்டுக்கொண்ட மகள்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வீடியோ ஆப்புகளில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வரலாமா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வரட்டும் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது என் மகள் ஏழாவது. பாடமெல்லாம் போனில். சாமைக் கொல்லைக்கு மேலே உள்ள பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போவேன். அவள் போனைப் பார்ப்பாள், நான் ஆடுகளைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட சாயங்காலங்கள் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

ஒரு நாள் கேட்டாள். "அப்பா, நீ எந்த வருசம் பொறந்த?"

"எனக்கின்னா தெரியும்? தலைக்கு மேல கைய சுத்தி காதைத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. தொட்டேன். அவரா ஒரு வருசம் எழுதிக்கினாரு."

"அய்யோ, அதையாவது சொல்லுப்பா!"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். சிரித்தால் அத்தனை அழகு. பாடத்துக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். வீடியோ போட வயது போதாமல் என் வருடத்தைப் போட்டுக்கொண்டாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சட்டம் வந்தாலும், பிள்ளை தட்டுகிற வருடத்தை அப்படியே நம்பக் கூடாது.

புளியமரத்தடியில் அவள் ஆடிய வீடியோ எங்கெங்கோ போனது. முகம் தெரியாதவர்கள் அவள் பல்லைக் கேலி செய்து எழுதினார்கள். எழுத்துக் கூட்டி நானும் படித்தேன். அதன்பின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; பிறகு சிரிப்பதையே விட்டுவிட்டாள். போனை மட்டும் விடவில்லை.

"இன்னாங்க, வாயில கொழுக்கட்டையா? பொண்ண ரெண்டு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் என் மனைவி.

கேட்டேன். "அல்லாரும் வெச்சிக்கினு இருக்காங்க. நான் மட்டும் ஏம்பா வுடணும்?" என்றாள்.

ஒன்பதாவதுக்குப் படவேட்டுப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்தோம். அங்கே பிள்ளைகள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. பொங்கலுக்கு வந்தவள், வார்டனம்மா நடப்பதைப் போல அடுப்படியில் நடந்து காட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த நான் கோடாலியைக் கீழே வைத்துவிட்டேன்.

"போன் இல்லாம எப்பிடிம்மா இருக்குற?"

"அங்க யாருகிட்டயும் இல்லியேப்பா. அப்புறம் இன்னா?"

இப்போது காலேஜ் போகிறாள். கையில் போன் இருக்கிறது. அதைத் தாங்கும் வயதும் இருக்கிறது. என் பிள்ளைக்கு மட்டும் கூடாது என்று அன்றைக்கு அதட்ட எனக்கு வரவில்லை. எந்தப் பிள்ளைக்கும் கூடாது என்று ஒரு சட்டம் சொன்னால், என் போன்ற அப்பன்களுக்கு அது துணை.

இதை எழுதி முடித்தது ஆடி மாதம், நான்காம் தேதி.