கண்டக்டர் வீட்டு விசில்

கண்டக்டர் வீட்டுத் தோட்டத்துக்குத் தீனி தின்ன வந்த பறவைகள் எல்லாம் ஒன்றாகச் சிறகடித்தால், அந்தக் காற்றில் பக்கத்து வீட்டுக் கொடியில் கிடக்கும் துணியெல்லாம் காய்ந்துவிடும். சரி, துணியெல்லாம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு கைக்குட்டை காயும். அதுவும் நன்றாகப் பிழிந்ததாக இருந்தால். ஆனால் அத்தனை பறவைகளும் உயிரோடு திரும்பிப் போவதற்கு அந்த மனிதர் பட்ட பாடு இருக்கிறதே, அதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

டவுன் பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு பெற்றது. உடம்பு இன்னும் வண்டியிலேயே இருந்தது. நாற்காலி காலியாகக் கிடந்தாலும் கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்றபடிதான் டீ குடிப்பார். சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றுவிட்டால், "உள்ள போங்க, உள்ள நல்லா காலியா இருக்கு" என்பார். உள்ளே இருப்பது சுவர்.

வளர்த்தது இரண்டு பூனைகள். கொழுத்த மஞ்சள் பூனை ஒரே இடத்தில் உட்கார்ந்து நேரே முன்னால் பார்க்கும், யார் கத்தினாலும் திரும்பாது. அது டிரைவர். ஒல்லியான கறுப்புப் பூனை எப்போது எங்கே முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது. முளைத்தால் யாருக்கோ கெட்ட நேரம். அது செக்கர்.

மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டபோதுதான் வந்தது வினை. மாவுக்கட்டோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவளுக்குப் பொழுது நகரவில்லை. "ரெண்டு குருவி வந்தாலாவது பாத்துக்கிட்டிருப்பேன்" என்றாள். கண்டக்டர் ஜன்னலுக்கு எதிரே ஒரு கழியை நட்டு, மேலே பழைய தகரத் தட்டை ஆணியடித்து, நொய்யரிசி போட்டார். குருவி வந்தது. புறா வந்தது. மைனா வந்தது. பின்னாலேயே செக்கரும் வந்தது. ஒரு குருவி குறைந்தது.

அன்று அவள் சாப்பிடவில்லை. "இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, ரெண்டையும் தங்கச்சிக்கிட்ட குடுத்துடுவேன். அவ மில்லுல எலி கூத்தடிக்குதாம்."

தங்கை மாவு மில் நடத்துகிறவள். வெகு நாளாகவே அந்தப் பூனைகள் மேல் அவளுக்கு ஒரு கண். கண்டக்டர் டிரைவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பூனை இல்லாவிட்டால் எனக்கு அழுகை வரும் என்று ஆண்பிள்ளை வாயால் சொல்லவா முடியும்?

பறவைகளுக்கு முன்னால் பூனைகளுக்கு வயிறு முட்டப் போட்டுப் பார்த்தார். செக்கர் தின்று முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, டிபன் முடித்த உத்தியோகஸ்தர் போல நேராகப் புதருக்குப் போனது. கழுத்தில் மணி கட்டினார். தலையில் தண்ணீர்க் குடம் வைத்தவள் மாதிரி, மணி அசையாமல் நடக்கப் பழகிக்கொண்டது. கடைசியில் பெட்டியைக் கிளறித் தன் விசிலை எடுத்தார்.

புதரில் வால் தெரிந்ததும் இரண்டு விசில். வண்டி புறப்படுகிற அதே விசில். தட்டிலிருந்த பறவை மொத்தமும் மேலே கிளம்பும். செக்கர் வெறுங்கையோடு வெளியே வந்து, நான் சும்மா காற்று வாங்க வந்தேன் என்பதுபோல் முதுகை நக்கிக்கொள்ளும். கால் முறிந்த பிறகு மனைவி முதன்முதலாகச் சிரித்தாள்.

இதையெல்லாம் மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மைனா ஒரு நாள் தானே ஊதியது. அதே இரண்டு விசில். நடுவில் கண்டக்டர் மூச்சிழுக்கும் சத்தம் உட்பட. பறவைகள் பறந்தன. மைனா நிதானமாக இறங்கி, முழுத் தட்டையும் தனியாளாக மேய்ந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்த கண்டக்டர் வாயைப் பிளந்தார். அதற்குப் பசிக்கும்போதெல்லாம் இவர் ஓடினார்.

"ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு கண்டக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

ரோஷம் வந்து விசிலைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, அன்று முதல் தட்டுப் பக்கத்திலேயே காவல் நின்றார்.

ஒரு காலையில் தங்கை வந்தாள், கையில் மூடி போட்ட கூடையோடு.

"அக்காவைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமா."

"கூடை எதுக்கும்மா?"

"வெறுங்கையோட வரக்கூடாதில்ல?"

"உள்ள ஒண்ணுமே இல்லையே?"

"போறப்ப இருக்கும்ல, மாமா."

வந்தவளுக்கு டீ போட வேண்டுமே என்று காவலை விட்டுச் சமையலறைக்குப் போனார். கூடத்தில் அவள் டிரைவரைத் தூக்கிக் கூடைக்குள் வைத்து அளவு பார்ப்பது கேட்டது. அடுப்பில் பால் பொங்கி வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து கழியின் அடிப்பாகம் மட்டும்தான் தெரியும். அங்கே, தரையோடு தரையாக, ஒரு கறுப்பு முதுகு.

கத்த வாயைத் திறந்தார். சந்தை இரைச்சலையே அடக்கிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. செக்கரின் பின்புறம் மெல்ல ஆடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடினார்.

காதைக் கிழிக்கிற மாதிரி இரண்டு விசில்!

படபடவென்று சிறகுச் சத்தம். பின்னாலேயே தடால் என்று தகரச் சத்தம். கண்ணைத் திறந்தபோது தட்டு தரையில் கிடந்தது. தட்டுக்கு அடியிலிருந்து செக்கர் தலைநிறைய நொய்யோடு வெளியே வந்துகொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்ததை அவர் பார்க்கவேயில்லை. படுக்கையறைக்கு ஓடினார். கூடையைத் தூக்கிக்கொண்டு தங்கையும் பின்னால் ஓடி வந்தாள்.

"பாத்தியா! நம்ம மைனாவைப் பாத்தியா! நான் இல்லாத நேரத்துல டூட்டி பாத்திருக்கு! அதைப் போயி திட்டினேனே, பாவி! இனிமே அதுக்குத் தனித் தட்டு!"

மனைவி எச்சில் விரல்களைப் போர்வையில் துடைத்துக்கொண்டாள்.

"மைனாவா? அது வாய் நிறைய நொய்யோட தட்டுல நின்னுக்கிட்டிருந்துச்சு. செக்கர் பாய்ஞ்சதே அது மேலதான். ரெண்டு விரலை வாயில வச்சு ஊதினது நான்."

தங்கையின் முகம் தொங்கிப்போயிற்று. "என்னக்கா இது? எனக்குப் பூனை தர்றேன்னு சொல்லிட்டு, நீயே ஊதிவிட்டா எப்படி?"

"பின்ன என்னடி பண்றது? அதுங்களும் போயிட்டா இவரு சொல்ற பஸ் கதையை யாரு உக்காந்து கேக்கறது? எனக்கோ கால் ஒடைஞ்சு கெடக்கு. எந்திரிச்சு ஓடக்கூட வழியில்ல."