அம்மாவின் முகத்தில் விடுபட்ட புள்ளி

எம்.சி.ஏ. கடைசி வருஷப் புராஜெக்டுக்காக நான் கம்ப்யூட்டரில் வரைந்த முதல் முகம் அம்மாவுடையது. மதுரையில் என்னோடு படித்தவர்கள் கடைக்கு பில் போடும் சாஃப்ட்வேர், லைப்ரரி சாஃப்ட்வேர் என்று பிழைக்கத் தெரிந்த பிள்ளைகளாகப் போய்விட, நான் மட்டும் புள்ளிகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரு பொருளின் மேற்பரப்பை ஆயிரக்கணக்கான புள்ளிகளாக அளந்து, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சின்ன வட்டமாகத் திரையில் வைத்தால் முப்பரிமாண உருவம் வந்துவிடும். கோடு போட்டு இணைக்க வேண்டியதில்லை. வட்டம் சிறுத்தால் முகமெல்லாம் ஓட்டை, பெருத்தால் கொழுக்கட்டை. எங்கள் வாலிநோக்கம் உப்பளத்தில் குவித்த உப்பு தூரத்தில் வெள்ளை மேடாகவும் கிட்டப் போனால் தனித்தனிக் கல்லாகவும் தெரியுமே, அப்படித்தான் என்று வீட்டில் விளக்கினேன்.

"இதுக்கா மூணு வருசமாக் காலேஜு?" என்றாள் அம்மா.

அய்யாவும் அம்மாவும் அந்த உப்பளத்தில்தான் வேலை பார்த்தார்கள். அய்யாவுக்குக் கண் நீர் அழுத்த நோய் வந்து பார்வை குறைந்துகொண்டே போனது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். தனக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அய்யா வாய்விட்டுச் சொல்லும் ஆள் இல்லை. அம்மாதான் என்னிடம் பொருமுவாள். "நான் பேசுனா செவத்தப் பாத்துப் பதில் சொல்றாரு. எம் மூஞ்சியே மறந்துபோச்சோ என்னமோ."

அது என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. கறுப்புத் திரையில் பெரிதாக, வெளிச்சமாகக் காட்டினால் அம்மாவின் முகம் அவருக்குத் தெரியலாம் அல்லவா? புராஜெக்டுக்கும் ஆச்சு, அய்யாவுக்கும் ஆச்சு. தோழியின் லேப்டாப், ஒரு வெப்கேமரா, சுவரில் சிவப்புக் கோடாக விழும் ஒரு லேசர் விளக்கு, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு லீவுக்கு ஊர் வந்தேன்.

பட்டப்பகலில் கதவையும் ஜன்னலையும் சாத்தி அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, லேசர் கோட்டை நெற்றியிலிருந்து தாடை வரை மெல்ல இறக்க வேண்டும். கோடு எங்கெங்கே வளைகிறதோ அதைக் கேமரா பார்த்துப் புள்ளிகளாக்கிவிடும். பளபளப்பு மட்டும் அதற்கு ஆகாது. வெளிச்சம் சிதறி அந்த இடத்தில் புள்ளியே விழாது. அம்மாவின் வலது மூக்கிலோ வெள்ளைக்கல் மூக்குத்தி.

"அத மட்டும் கழட்டிரும்மா. அஞ்சு நிமிசந்தான்."

"உங்கய்யா வாங்கிப் போட்டது. நீ பொறக்குறதுக்கு முந்தியே மூக்குல கெடக்கு. கழட்ட மாட்டேன்."

"அப்பக் கொஞ்சம் பவுடராவது அப்பிவிடுறேன்."

"ஏண்டி, மூக்குத்தி மின்னுறதுக்கா, மாவு பூசுறதுக்கா?"

கொஞ்சினேன், கத்தினேன், கருவியைத் தூக்கிக் கடலில் போடுவதாக மிரட்டினேன். அசையவில்லை. என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

நினைத்தபடியே, எடுத்த முகத்தில் மூக்கோரம் ஒரு ஓட்டை. சுற்றியிருந்த புள்ளிகளை வைத்து அதை அடைத்தேன். ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அய்யாவைக் கைபிடித்து அழைத்து வந்து திரைக்கு வெகு கிட்டத்தில் உட்கார வைத்தேன். அம்மா பின்னால் கதவோரம் நின்றாள். திரையில் முகம் மெல்ல இடமும் வலமும் திரும்பியது. அய்யா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"பொம்பள மொகந்தான். யாரு ஆத்தா இது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லாப் பாருங்கய்யா. அம்மாதான்."

"உங்கம்மாவா? இருக்காதே. உங்கம்மான்னா மூக்குல மின்னுமே." கொஞ்சம் தயங்கிவிட்டு அவரே தொடர்ந்தார். "இப்பல்லாம் யாரு மொகமும் தெரியறதில்ல ஆத்தா. அந்த மூக்குத்தி மின்னுறது மட்டும் தெரியும். அது மின்னுச்சுன்னா, இந்தா இங்கன இருக்கா. மின்னாட்டி எந்தப் பக்கம் பாத்துப் பேசுறதுன்னே தெரியாது."

அம்மாவின் விரல் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தது. சுவரைப் பார்த்துப் பதில் சொன்னதற்காக எத்தனை நாள் அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாளோ!

நான் அடைத்த இடத்தைத் தேடிப்போய் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். கேமரா அளந்ததல்ல, நானாக வைத்தது. நல்ல வெள்ளை நிறம் கொடுத்து, முகம் திரும்பும்போது பளிச்சென்று மின்னும்படி செய்தேன். அய்யா சிரித்துவிட்டார். "இந்தா இருக்கா" என்று விரலை நீட்டி, சரியாக அந்த இடத்தில் திரையைத் தொட்டார்.

புராஜெக்டைப் பார்க்க வெளியிலிருந்து வந்த பேராசிரியருக்கு அந்தப் புள்ளி கண்ணை உறுத்தியது. அளவெடுத்ததில் வந்த பிசகு, எடுத்துவிடலாமே என்றார். "அத எடுத்தா அது எங்கம்மா இல்ல சார்" என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு மார்க் போட்டார். பெரிய மார்க் இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா குழம்புச் சட்டியோடு வந்தவள், மூக்குத்தியை முந்தானையால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, வலது கன்னத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். "இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டாள். அய்யா அவள் முகத்தைப் பார்த்து, போதும் என்றார்.