மாத்திரை அட்டைத் துண்டு

அம்மாவுக்கு ஈறு வீங்கினால் மருந்துக் கடைக்கு ஓடுவது என் வேலை. பழைய மாத்திரை அட்டையின் துண்டு ஒன்றை நீட்டினால் போதும், கடைக்காரர் அதே மாதிரி நாலு வெட்டிக் கொடுப்பார். இரண்டு நாளில் வீக்கம் வடியும், ரத்தம் நிற்கும். அம்மா மறுபடி தையல் மிஷினில் உட்கார்ந்து நூலை முன்பல்லால் கடித்து அறுப்பாள். அவளைக் குணமாக்குவதே நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

நான் நாலாவது படித்த வருஷம், ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்காரர்களின் மஞ்சள் துணி வீட்டில் குவிந்து கிடந்த நேரத்தில், அந்த முன்பல் ஆடத் தொடங்கியது. அரக்கோணம் சாலையில் இருந்த பல் டாக்டரம்மாவிடம் போனோம். நான் பெருமையாக அட்டைத் துண்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

“ஈறுக்கு அடியில காரை கல்லாட்டம் படிஞ்சிருக்கும்மா. அதை எடுக்காம மாத்திரை மட்டும் போட்டா வீக்கம்தான் போகும், நோய் போகாது. முதல்ல சுத்தம் பண்ணலாம், அப்புறம் மாத்திரை வேணுமான்னு நான் சொல்றேன்.”

வீக்கம் போனால் நோய் போனதாகாதா? வீட்டுக்கு வந்தால் என் அப்பா, நைனா, வேறு கதை சொன்னார்.

“அந்தக் காரைதான் பல்லைப் புடிச்சிகினு கீது. அத்த சொரண்டுனா மொத்தமும் கொட்டிப்பூடும்.”

டாக்டரம்மா படித்தவர். நைனா எனக்கு நைனா. அம்மா இருவருக்கும் நடுவில் விழித்துவிட்டு, என்றைக்கும் இல்லாத வழக்கமாக என்னைக் கேட்டாள்: “நீ இன்னாடி சொல்ற?”

நான் அட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். இப்போது நினைத்தாலும் அந்த ஓட்டம் வலிக்கிறது.

இரண்டு மாத்திரையில் வீக்கம் வடிந்தது. கிருத்திகை விரதத்தில் வெறும் வயிற்றோடு போடக் கூடாதென்று மீதி இரண்டையும் அம்மா பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள். நைனா ஜெயித்துவிட்டார், நானும்தான்.

தை பிறந்து சில நாளில், ஒரு ரவிக்கையின் நூலைக் கடித்தபோது பல் அவள் கையோடு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மா அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு விழுந்த பல்லையெல்லாம் அவள்தானே சாணியில் உருட்டிக் கூரைமேல் போடச் சொன்னாள்? அதே மாதிரி அவள் பல்லையும் உருட்டிப் போட்டுவிட்டு, முளைக்கும்வரை ஈறு வீங்கிவிடக் கூடாதே என்று அட்டைத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தேன்.