அரைப் பேர்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஹட்டனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன். சாயம் போகாது என்று சத்தியம் பண்ணி நான் விற்ற சேலைகளில் பாதி, முதல் மழைக்கே வெளுத்திருக்கும். கடைக்குள் நின்று நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம். ஆனால் இது விற்பனைக்கு இல்லை. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் இன்றிரவு நன்றாகத் தூங்கலாம். எனக்கு அந்த வசதி போய்ப் பல வருஷமாகிறது.

கடல் நடுவே, ஒரு பெரிய கப்பலின் மேல்தளத்தில், என் மனைவியைக் கேட்டு ஒருவர் வந்தார். அவரோடு நான் பேரம் பேசினேன். என் வாழ்க்கையில் நான் பேசிய பேரங்களில் ஒன்றைத்தான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அது இதுதான்.

1959 ஜூன் மாதம். எனக்கும் ஐவிக்கும் கல்யாணமாகி மூன்று வருஷம். ஐவி நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அவள் அப்பா மத்தியாஸ் அங்கே செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டியவர். அவளும் பன்னிரண்டு வயதிலிருந்து கொழுந்து பறித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு டவுனுக்கு வந்தாள். அதற்குப் பிறகும் நாலரை மணிக்கு மேல் அவளால் படுக்க முடியாது. "ஒரு நாளாவது விடியிறவரைக்கும் தூங்கு புள்ள" என்பேன். "ஒடம்பு கேக்க மாட்டேங்குதுங்க" என்பாள்.

அவளை விடிகிறவரைக்கும் தூங்க வைக்க வேண்டும் என்றுதான் அந்தக் கப்பல் பயணம். கொழும்பிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போய்த் திரும்பும் வெள்ளைக்காரன் கப்பல். கொழும்புக் கோட்டையில் டிக்கட் விற்ற ஏஜெண்டிடம், மழைக் காலத்தில் கபின் காலியாகத்தானே போகும், காலிக் கபின் உனக்குக் காசு தருமா என்று கேட்டேன். ஒரு மணி நேரம் இழுத்தான். கடைசியில் குறைத்தான்.

கப்பலா அது! ஹட்டன் டவுனைத் தூக்கிக் கடலில் வைத்துச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. நீச்சல் குளம், நடன மண்டபம், சினிமா. சாப்பாட்டு மேசையில் ஒரு ஆளுக்கு ஐந்து கரண்டி. எதை எதற்கு எடுப்பது என்று தெரியாமல் பக்கத்து மேசைத் துரைசானியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டோம். அவள் எங்களைப் பார்த்துக் குழம்பி, சூப்புக்கு முள்கரண்டியை எடுத்தாள்.

எங்கள் கபினைக் கவனித்த ஸ்டூவர்ட் ஒரு கோவாக்காரன். ஐவி கழுத்தில் செபமாலையைக் கண்டதும் தன் கழுத்துச் சிலுவையை வெளியே எடுத்துக் காட்டினான். அன்றிலிருந்து எங்களுக்குத் தேத்தண்ணி இரண்டு தடவை வந்தது.

ஐவி குடித்துப் பார்த்தாள்.

"இது நம்ம பக்கத்துக் கொழுந்துங்க."

"ருசியிலேயே தெரியுதா?"

"இம்புட்டு நல்லா இருக்கே. நமக்கு எப்பயாச்சும் இத குடுத்தாங்களா?"

சாய்வு நாற்காலியில் படுத்துக் கடலைப் பார் என்று உட்கார வைப்பேன். ஐந்து நிமிஷம் உட்காருவாள். அப்புறம் மடியில் இருக்கும் இரண்டு கையும் காற்றைக் கிள்ளத் தொடங்கும். அவளுக்கே தெரியாது.

முதல் நாள் சாயந்தரம் எல்லாரையும் மேல்தளத்துக்கு வரச் சொன்னார்கள். கப்பல் மூழ்கினால் எந்தப் படகில் ஏறுவது என்று காட்டுவதற்காம். ஆளுக்கொரு மிதவைச் சட்டை. வரிசையில் நிற்க வைத்து, ஓர் அதிகாரி பெயர் கூப்பிட்டார்.

"என்னங்க, இங்கயும் பெரட்டா?" என்று சிரித்தாள் ஐவி.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலை ஆள் எண்ணுவது. இருட்டோடு தப்புப் பறை அடித்து எழுப்புவார்கள். எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்கு அன்றைக்குப் பேர் விழும். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். மத்தியானத்தோடு நின்றால் அரைப் பேர். தோட்டத்தில் பேர் என்றால் கூலி. கூலி என்றால் சோறு.

மற்றவர்கள் கையை லேசாகத் தூக்கினார்கள். ஐவியின் முறை வந்தது. அவள் தலைச் சீலையை இழுத்து, காலைச் சேர்த்து, பெருங்குரலில் சொன்னாள்:

"இருக்கேங்க!"

தளமே சிரித்தது. அவளும் வெட்கத்தோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். பெயரைக் கேட்டதும் குரல் கொடுப்பது அவள் இரத்தத்தில் இருந்தது. அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது.

இரண்டாம் நாள் சின்னச் சின்னதாகத் தொடங்கியது.

காலையில் கபினுக்கு வெளியே நடைபாதை விரிப்பில் ஈரமான கால் தடம். செருப்பில்லாத கால். செம்மண். நான் ஸ்டூவர்ட்டைக் கூப்பிட்டேன். அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். கப்பலில் மண் எங்கே இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டான். எங்கே இருக்கிறது? நாலு பக்கமும் கடல்.

மத்தியானம் கபினுக்குள் பச்சைக் கொழுந்து கசங்கிய வாசம். ஐவி மூக்கை உறிஞ்சினாள்.

சாயந்தரம் அவள் செருப்பைக் கழற்றினாள். கணுக்காலில் இரத்தம்.

"அட்டைங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அட்டைதான். மழைக் காலத்தில் தேயிலைச் செடிக்கு அடியில் இருக்குமே, அந்த அட்டை. குடித்துப் பருத்துத் தொங்கியது. கரையை விட்டு ஒன்றரை நாள். நடுக்கடல். அவள் பழக்கப்பட்ட கையால் பிடுங்கி வட்டச் சன்னல் வழியே எறிந்தாள்.

"பெட்டிக்குள்ள வந்திருக்கும்" என்றேன்.

"ம்..." என்றாள்.

அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. வியாபாரி சொன்ன காரணம் அது.

அன்று ராத்திரி கப்பல் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். கிழக்கே போகிறோமாம். நான் என் கைக்கடிகாரத்தைத் தொடவில்லை. அரை மணி நேரத்தைச் சும்மா கொடுக்க மனம் வரவில்லை. என் கையில் ஹட்டன் நேரமே ஓடியது.

மூன்றாம் நாள் விடியற்காலை. தூக்கத்தில் ஒரு சத்தம்.

டண்டணக்... டண்டணக்... டண்டணக்...

இயந்திரம் என்று நினைத்தேன். இயந்திரம் இப்படித் தாளத்தோடு அடிக்காது. தப்பு. தோட்டத்துத் தப்பு. தூரத்து மலையிலிருந்து கேட்பது போல, ஏறி இறங்கி...

பக்கத்தில் கை போட்டேன். கட்டில் காலி.

கதவு திறந்திருந்தது.

நடைபாதையில் ஒருவரும் இல்லை. விரிப்பு முழுக்கச் செம்மண் தடம். ஒன்றிரண்டு அல்ல. நிறைய. எல்லாம் ஒரே பக்கம் போயிருந்தன. நானும் அந்தப் பக்கம் போனேன்.

மேல்தளத்தில் மூடுபனி. வெப்பக் கடலில் அப்படிப் பனி வராது. இது நோர்வூட் பனி. எலும்பைத் தொடும் பனி. சுவர்க் கடிகாரம் ஆறு பத்து. என் கையில் ஐந்து நாற்பது.

பனிக்குள் வரிசையாக ஆட்கள்.

தலையில் கம்பளி. முதுகில் கூடை. எல்லாரும் கடலைப் பார்த்து நின்றார்கள். முதுகுகள்தான் தெரிந்தன. கம்பளிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. தண்ணீர் அல்ல. சேறு.

வரிசையின் கடைசியில் ஐவி. வெறுங்கால்.

எங்கிருந்தோ ஒரு குரல். அவசரமில்லாத, பழகிய குரல்.

"சோலைமலை."

"இருக்கேங்க."

ஒரு கம்பளி கப்பலின் கைப்பிடிக் கம்பிக்கு நடந்தது. அங்கே இல்லாமல் போனது. கடலில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"ராக்காயி."

"இருக்கேங்க."

"கந்தப்பன்."

"இருக்கேங்க."

"அம்மாக்கண்ணு."

எனக்கு அப்போது பயம்கூட வரவில்லை. எல்லாம் மரத்துவிட்டது. கால் மட்டும் நடந்தது.

வரிசை குறைந்தது... குறைந்தது...

"மத்தியாஸ் மக ஐவி."

அவள் காலைச் சேர்த்தாள். தலைச் சீலையை இழுத்தாள். வாய் திறந்தது.

நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

தப்புச் சத்தம் நின்றது.

"யாரது, பேருக்குக் குறுக்க?"

முகம் தெரியவில்லை. குடை பிடித்த ஓர் உருவம். அவ்வளவுதான்.

"இவ இப்ப தோட்டத்துல இல்லீங்க" என்றேன். "கல்யாணம் கட்டி டவுனுக்கு வந்துட்டா."

"பேரு இருக்கே."

"பேரு இருந்தா இருந்துட்டுப் போவுதுங்க. ஆளு என்னோடது."

"கூப்புட்டாச்சு. கூப்புட்ட பேர சும்மா விட முடியாது."

"முழுசா தர முடியாதுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியாது. கடை வாய். எதிரில் விலை சொன்னால் குறைத்துக் கேட்கும் வாய்.

குடை அசையவில்லை. சேறு சொட்டியது. ஒன்று... இரண்டு...

"அப்ப அரைப் பேரு போட்டுக்கவா?"

பாதிக்கு இறங்கிவிட்டார்.

"சரிங்க" என்றது என் வாய்.

கப்பல் ஊதியது. நீளமாக.

பனி இல்லை. வெயில். மாலுமி ஒருவன் வாளியும் துடைப்பமுமாக வந்து எங்களைப் பார்த்தான். எங்கள் காலடியில் சிவப்புச் சேறு. அதில் ஒரு கொழுந்து. இரண்டு இலை, ஒரு மொட்டு. அவன் முகம் சுளித்து, எல்லாவற்றையும் கடலுக்குக் கழுவிவிட்டான்.

"என்னங்க" என்றாள் ஐவி. "எடது பக்கம் எனக்கு இல்லாத மாதிரி இருக்கு."

கப்பல் டாக்டர் அவள் இடது கையில் ஊசியால் குத்தினார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காலில் குத்தினார். அதே கதை. கை கால் அசைகிறது, நடக்கிறாள், உணர்ச்சி மட்டும் இல்லை. களைப்பு என்றார். விடுமுறைதானே, ஓய்வெடுங்கள் என்றார்.

ஓய்வெடுத்தோம். மீதிப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஐந்து கரண்டியால் சாப்பிட்டோம். பினாங்கு வந்தது. சிங்கப்பூர் வந்தது. நடன மண்டபத்தில் இசை வாசித்தார்கள், நாங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

திரும்பி ஹட்டன் ஸ்டேசனில் இறங்கினோம். மாமா மத்தியாஸ் நின்றார். முகம் செத்துப் போயிருந்தது.

"மாப்புள, நீங்க கப்பலேறி மூணா நாளு" என்றார். "ராவெல்லாம் மழை. பெரட்டு நேரம். எல்லாரும் களத்துல நிக்கிறாங்க. மேல இருந்த மலை அப்புடியே எறங்கிருச்சு. எனக்குக் காச்ச, நான் லயத்து வீட்டுல படுத்திருந்தேன். கணக்கப்புள்ள முத்துலிங்கம் ஐயாவும் போயிட்டாரு. புடிச்ச கொடையோட எடுத்தாங்க."

"எத்தன மணிக்கு மாமா?"

"பெரட்டுக் கொட்டாயில இருந்த மணிக்கூடு ஐஞ்சு நாப்பதுல நின்னு போச்சு."

"சோலைமலை..." என்றேன். "ராக்காயி, கந்தப்பன், அம்மாக்கண்ணு..."

மாமா என்னையே பார்த்தார். "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"ஒரு புள்ள மட்டும் தப்பிச்சது" என்றார். "பூரணின்னு. தாய் தகப்பன் இல்லாத புள்ள. புதுசா ஆளு பதிய மாட்டேன்னுட்டாங்க. நம்ம ஐவி பேரு பதிவுல வெட்டாமக் கெடந்துச்சு. முத்துலிங்கம் ஐயா கையக் கால புடிச்சு, அந்தப் பேருல அவள நிக்க வச்சோம். ஒங்ககிட்ட சொல்லல, கோவிச்சுக்காதீங்க."

ஐவி என் கையைப் பிடித்தாள். வலது கையால்.

"அவ பேரு கூப்புடுற நேரத்துல மண்ணு வந்திருக்கு. மத்தியானம் தோண்டி எடுத்தாங்க. உசுரு இருந்துச்சு. ஆனா சோத்துக்கைப் பக்கம் மேலருந்து கீழ வரைக்கும் உணர்ச்சியே இல்ல மாப்புள. ஊசி குத்துனாலும் தெரியல."

அப்புறம், பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே, தோட்டத்தைத் திட்டுகிற குரலில் சொன்னார்:

"இம்புட்டு நடந்தும் மனுசத்தனம் வேணாம்? மண்ணுக்குள்ள கெடந்த புள்ளைக்கு, வேலை செய்யலன்னு அன்னைக்கு அரைப் பேருதான் போட்டிருக்கானுங்க."

பூரணியை நாங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேலை செய்வார்கள். இவள் வலது கை, அவள் இடது கை. பார்க்கிறவர்களுக்கு ஒரே ஆள் செய்கிற மாதிரி இருக்கும்.

டவுனுக்கு மேலே உள்ள தோட்டத்தில் இன்றும் விடியற்காலை தப்பு அடிக்கிறார்கள். ஐவி இப்போது அசந்து தூங்குகிறாள். விடிகிறவரைக்கும். நான் ஆசைப்பட்ட மாதிரியே.

ஆனால் தப்புச் சத்தம் வந்ததும் அந்த இடது கை மட்டும் எழும்பும். தலைச் சீலையைத் தேடும்.

நான் பிடித்து அமுக்கி வைத்திருப்பேன். சத்தம் நிற்கும் வரை.

விடும்போது என் உள்ளங்கையில் செம்மண் இருக்கும்.