பிலோமினா அக்கா கேட்ட அத்தாட்சி

பிலோமினா அக்கா காலமான செய்தி ஞாயிறு காலை எங்கள் பழைய அலுவலக வட்ஸ்அப் குழுவில் வந்தது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டித் தரும்வரை நின்றபடி வாசித்தேன். அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "பாவம், உடம்பைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்." அக்காவோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நடந்தது அதுவல்ல.

எங்கள் காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அக்காவின் வேலை. சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவர். விபத்து நடந்த அன்று அந்தத் தெருவில் மழை பெய்ததா என்றுகூட விசாரிப்பார். மெலிய வைக்கும் வழிகளையும் அதே கண்ணால்தான் பார்த்தார். பத்தொன்பது வயதிலிருந்து எல்லாவற்றையும் செய்து பார்த்திருந்தார். சோற்றை விட்டார், இராச்சாப்பாட்டை விட்டார், ஒரு தவக்காலம் முழுவதும் பப்பாசியோடு கழித்தார். ஒவ்வொரு முறையும் நிறை குறைந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. "குறைச்சதையெல்லாம் கூட்டினா இன்னும் ரெண்டு பிலோமினா இந்த இடத்தில நிப்பா" என்பார்.

பருமன் ஒரு பிரச்சினையே இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பிரஷர் குளிசையைத் தவறவிடமாட்டார். தினமும் நடப்பார். மெலிவதற்கெனப் புதிதாக வந்திருக்கும் ஊசியைப் பற்றி டொக்டர் சொன்னபோது, "வேலை செய்யும்தான் டொக்டர். நிப்பாட்டினா என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்டாராம்.

ஒருநாள் மதிய இடைவேளையில், சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் மாவு விற்க ஒருவர் வந்தார். அவருடைய துண்டுப்பிரசுரத்தில் ஒரே பெண்ணின் இரண்டு படங்கள். முதலாவதில் பருமன், இரண்டாவதில் மெலிவு. நாங்கள் பாதிப்பேர் பெயர் கொடுத்துவிட்டோம்.

"இந்தப் படம் எப்ப எடுத்தது?" என்று அக்கா கேட்டார்.

"கொஞ்ச காலம், மிஸ்."

"இப்ப இவ எப்பிடி இருக்கிறா?"

"நல்லா இருக்கிறா."

"அப்ப ஆளைச் சொல்லுங்கோ. நான் போய்க் கேக்கிறன்."

அவர் தடுமாறி, வத்தளையில் தையல்கடை வைத்திருப்பவர் என்றார். அந்தச் சனிக்கிழமையே அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு நீர்கொழும்பு பஸ்ஸில் ஏறினார். கடையைக் கண்டுபிடித்தோம். அந்தப் பெண் முதலாவது படத்தில் இருந்ததைவிடப் பருத்திருந்தார். துண்டுப்பிரசுரத்தைக் கண்டதும் கதவைப் பாதி சாத்தினார்.

"கலியாண வீடுகளுக்கும் நான் இப்ப போறதில்ல அக்கா. எல்லாரும் இந்தப் படத்தைத்தான் கேக்கிறாங்க. மாவில பிழையில்லயாம், என்னிலதான் பிழையாம்."

திரும்பும் வழியில், பஸ் களனிப் பாலத்தைத் தாண்டும்போது அக்கா அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "குறைஞ்சா மாவுக்குப் பேர், கூடினா அவவுக்குப் பேர். இப்பிடி ஒரு பொலிசியை நாங்க வித்தா எங்களைப் பிடிச்சு உள்ள போடுவாங்க." துண்டுப்பிரசுரத்திலிருந்து அந்தப் படத்தை நீக்கும்வரை அவர் விற்பனையாளரை விடவில்லை.

போன வருடம் அக்கா மெலியத் தொடங்கினார். முதலில் பாராட்டியவள் நான்தான்: "வடிவா மெலிஞ்சிட்டீங்க அக்கா." ஒரு பிழையான விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"நான் ஒண்டும் செய்யேல்ல. அதுதான் எனக்குப் பிடிக்கேல்ல."

வயிற்றில் வலியும் இருந்தது. அவர் போன கிளினிக்கில் நிறை அட்டையைப் பார்த்துவிட்டு, நல்ல முன்னேற்றம், இன்னும் குறைந்தால் வலியும் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று முறை போனார், மூன்று முறையும் அதே பதில். நான்காம் முறை, "ஸ்கேனுக்கு எழுதித் தந்தாத்தான் எழும்புவன்" என்று கதிரையிலேயே இருந்துவிட்டார். ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டி தெரிந்தது. அதற்குள் பரவியிருந்தது.

முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு மெலிந்த பெண் அதே வலியோடு போயிருந்தால் நான்கு முறை அலைய விட்டிருப்பார்களா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

கடைசியாகக் கொட்டாஞ்சேனையில் அக்காவின் வீட்டில் அவரைப் பார்த்தபோது, நான் பாராட்டியதை நினைத்து அழுதேன்.

"நீ சொன்னதில பிழையில்ல, தங்கச்சி," என்றார். "ஏன் மெலியிறன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அதுதான்."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஒருவர் மெலிந்து வந்தால் நான் இப்போது பாராட்டுவதில்லை. போன கிழமை எங்கள் மாடிக் குடியிருப்பின் படிக்கட்டில், நெடுநாள் காணாத பக்கத்து வீட்டுப் பெண், தொளதொளவென்ற சட்டையோடு எதிரே வந்தார். "எப்பிடி இருக்கிறீங்க?" என்று கேட்டேன். "நல்லா இருக்கிறன்" என்றார். நான் வழிவிடாமல் நின்றேன். அவர் பையைப் படியில் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.